ஒரு தட்டு, 17 கனத்த புத்தகம்: எங்க வீட்டு அலமாரி சரிஞ்ச கதை

2022 நவம்பர், மழை விட்டு விட்டு பேஞ்சிட்டிருந்த வாரம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஹால்ல டமார்னு ஒரு சத்தம். கண்ணாடிதான் உடைஞ்சிருக்கும்னு ஓடிப் போய்ப் பாத்தா, புக் ரேக்கோட நடுத்தட்டு ஒரு பக்கம் கீழ இறங்கி, அதுல இருந்த புத்தகமெல்லாம் தரையில கிடக்கு. அப்பா முன்னாடியே வந்து நின்னுட்டிருந்தார், லைட்டக் கூட போடல. அந்தத் தட்டுல இருந்தது அவரோட தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் தமிழ் லெக்சிகன்ங்கற பேரகராதி ஏழும்.

அப்பா தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர். கலைக்களஞ்சியத்த அவர் ஒரே தடவையில வாங்கல, 1970கள்ல மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்ல ஒண்ணு ரெண்டுனு சேத்தார், கடைசித் தொகுதி கிடைச்சு ரொம்ப வருஷம் ஆகல, 1985ல மார்க்கெட்டே எரிஞ்சு போச்சு. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியரா இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் போட்ட செட் அது, முதல் தொகுதி 1954ல வந்துச்சு. லெக்சிகன் எங்ககிட்ட இருக்கறது 1982 மறுபதிப்பு, ஆறு தொகுதியும் அனுபந்தமும். இன்னிக்கு ரெண்டையுமே இணையத்துல பாத்துக்கலாம். ஆனா அப்பாவோட பென்சில் குறிப்பு எங்க வீட்டுப் பிரதியில மட்டும்தான் இருக்கு, ஓரத்துல பொடி எழுத்துல நாப்பது வருஷத்துக் குறிப்பு. அதனாலதான் இந்த விஷயத்த நான் இவ்ளோ தோண்டினேன். இதே மாதிரி கனத்த புத்தகம் வீட்ல வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க, உங்களுக்கு உதவும்னுதான் நடந்தத முழுசா எழுதறேன்.

விழுந்ததால கிழிஞ்சதா?

காலையில ஒவ்வொண்ணா எடுத்து டைனிங் டேபிள் மேல துணி விரிச்சு வச்சோம். பதினேழுல ஒம்பதுக்கு முன்னட்டையோ பின்னட்டையோ முதுகுகிட்ட பிரிஞ்சிருந்துச்சு. அஞ்சுக்கு முதுகோட மேல் நுனித் துணி கிழிஞ்சிருந்துச்சு. எல்லாம் ராத்திரி விழுந்த அடினுதான் முதல்ல நினைச்சோம், பாக்கற யாருக்கும் அப்படித்தான் தோணும்.

ஆனா அட்டையத் திறந்து உள்பக்கம் பாத்தப்ப ஒரு விஷயம் உறுத்துச்சு. அட்டையையும் உள்ள இருக்கற தாள் கட்டையும் இணைக்கற இடத்துல கிழிசல் இருக்குல்ல, அந்தக் கிழிசலோட விளிம்பு புதுசா வெள்ளையா இல்ல. பழுப்பேறி, உள்ள தூசி படிஞ்சு, ரெண்டு மூணு இடத்துல பூச்சி எச்சம் கூட இருந்துச்சு. புதுக் கிழிசல்னா தாளோட உள்நிறம் வெளிச்சமா தெரியும். ஒம்பதுல ரெண்டே ரெண்டுதான் அப்படி இருந்துச்சு. மத்த ஏழும் வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சிட்டு வந்திருக்கு, நெருக்கி அடுக்கி வச்சிருந்ததால பக்கத்துப் புத்தகம் அத தாங்கிப் பிடிச்சிருந்துச்சு, நாங்க கவனிக்கவே இல்ல. தட்டு விழுந்த அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது, அவ்ளோதான்.

அப்ப ஏழு புத்தகத்த யார் கிழிச்சா? வீட்ல எல்லாரும் பூச்சியச் சொன்னாங்க, ஈரத்தச் சொன்னாங்க. ரெண்டுக்கும் பங்கு இருக்கு, பின்னாடி வரேன். ஆனா முதல் காரணம் புத்தகத்தோட சொந்த எடை.

ஒரு ஹார்ட்பவுண்ட் புத்தகத்த எடுத்து மேஜை மேல நிக்க வச்சு கீழ்ப்பக்கமா உத்துப் பாருங்க. அட்டை மட்டும்தான் மேஜையத் தொடும். உள்ள இருக்கற தாள் கட்டு அட்டைய விட மூணு மில்லிமீட்டர் போல சின்னதா இருக்கறதால அது தரையத் தொடாம அந்தரத்துல தொங்கும். அத தூக்கிப் பிடிச்சிருக்கறது முதுகுகிட்ட ஒட்டின ஒரு சல்லாத் துணியும், அட்டையோட உள்ள ஒட்டின எண்ட் பேப்பரும் மட்டுந்தான். 200 பக்க நாவலுக்கு அது ஒரு பாரமே இல்ல. ரெண்டு கிலோ புத்தகத்துக்கு அது ராத்திரி பகலா ஓயாத இழுப்பு. முதல்ல தாள் கட்டோட வெளி ஓரம் கீழ இறங்கும், அதோட முதுகு மேல்பக்கத்துல முன்னாடி இழுபடும், எண்ட் பேப்பர்ல மேல இருந்து கீழ ஒரு விரிசல் விழும். எங்க ஏழு புத்தகத்துலயும் கிழிசல் மேலதான் அகலமா இருந்துச்சு, கீழ போகப் போக ஒடுங்கியிருந்துச்சு. நிக்க வச்சு அந்தக் கீழ் இடைவெளியப் பாத்தேன், வெளி ஓரத்துல இடைவெளியே இல்ல, தாள் கட்டு இறங்கி மேஜையத் தொட்டுட்டிருந்துச்சு. இத விடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டியிருக்கல.

உங்க வீட்டுப் புத்தகத்துக்கும் இந்த ஒரு சோதனையப் பண்ணிப் பாருங்க, அரை நிமிஷ வேலைதான். கீழ் இடைவெளி முதுகுகிட்ட இருக்கற அளவு வெளி ஓரத்துலயும் இருந்தா புத்தகம் நல்லா இருக்கு. ஓரத்துல மறைஞ்சிருந்தா இன்னிக்கே படுக்க வச்சிடுங்க.

மேல் நுனி கிழிஞ்ச அஞ்சு புத்தகமும் அப்பா அதிகம் எடுக்கறது. நெருக்கமா சொருகி வச்சிருந்ததால மேல் நுனியில விரல மாட்டி இழுத்தாத்தான் வெளிய வரும், ரெண்டு கிலோவும் அந்த அரை இஞ்சு துணியில தொங்கித்தான் வந்திருக்கு. ரெண்டு பக்கத்துப் புத்தகத்தையும் லேசா உள்ள தள்ளிட்டு, நடு முதுக விரலால பிடிச்சு எடுக்கணும், அதுக்கு தட்டுல கொஞ்சமாவது இடம் விட்டிருக்கணும்.

தட்டு ஏன் இறங்குச்சு

அலமாரி ஒரு ஃபர்னிச்சர் கடையில வாங்கின ரெடிமேட், 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு, மேல லேமினேட். தட்டோட நீளம் மூணு அடி. நாலு மூலையிலயும் துளையில சொருகின பிளாஸ்டிக் முளை, அது மேல தட்டு சும்மா உக்காந்திருக்கும். பாத்ரூம் எடை மெஷின்ல பதினேழையும் ரெண்டு ரெண்டா வச்சு எடை போட்டேன், மொத்தம் 38 கிலோ கிட்ட வந்துச்சு. ஒரு எட்டு வயசுப் பையன விட அதிகமான எடை, வாங்கின நாள்லேருந்து இறங்காம ஆறு வருஷம் அந்தத் தட்டு மேலயே இருந்திருக்கு.

விழாத மத்த தட்டுகள்லயும் நூல் பிடிச்சுப் பாத்தேன், நடுவுல ரெண்டு செ.மீ. வரைக்கும் தொய்வு இருந்துச்சு. பார்ட்டிகிள் போர்டோட குணம் என்னன்னா, பாரம் வச்ச அன்னிக்கு ஒரு அளவு வளையும், அதே பாரம் அங்கயே இருந்தா வருஷம் முழுக்க இன்னும் வளைஞ்சுக்கிட்டே போகும், காத்துல ஈரம் ஏறினா அது இன்னும் வேகமாகும். தட்டு வளைய வளைய ரெண்டு முனையும் உள்பக்கமா இழுபடும், முளை மேல உக்காந்திருக்கற அளவு குறையும், ஒரு நாள் ஒரு முனை முளைய விட்டு வழுக்கிரும். எங்க வீட்ல நடந்தது அதுதான், முளை உடையல, தட்டும் உடையல.

கணக்கு தெரிஞ்சா இது ஆச்சரியமே இல்ல. அதே நெருக்கத்துல புத்தகம் அடுக்கினா, தட்டோட நீளம் ரெண்டு மடங்கானா தொய்வு 16 மடங்காகும். பலகையோட கனம் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டுல ஒரு பங்காகும். அதாவது கனமான பலகை வாங்கறத விட நடுவுல ஒரு தடுப்பு வைக்கறது பெரிய வித்தியாசம் பண்ணும், மூணு அடித் தட்டுக்கு நடுவுல ஒரு செங்குத்துப் பலகை வச்சா ஒன்றரை அடியாகும், செலவு சில நூறு ரூபாதான். எங்க தச்சர் அண்ணன் முதல்ல தட்டையே மாத்திரலாம்னார், நான் இந்தக் கணக்கச் சொன்னதும் பழைய கட்டில் பலகையில தடுப்பு வெட்டிக் குடுத்தார், முளைக்குப் பதிலா முழு ஆழத்துக்கும் சட்டம் அடிச்சார். இப்ப நூல் பிடிச்சா தொய்வு கண்ணுக்கே தெரியல.

வளைஞ்ச தட்டு புத்தகத்துக்கும் கெடுதல் பண்ணியிருக்கு. பள்ளமான தட்டுல நிக்கற புத்தகமெல்லாம் நடுவப் பாத்து சாயும், ஒவ்வொண்ணும் ஒரு மூலையில மட்டும் நிக்கும், முதுகு கோணிக்கும். லெக்சிகன்ல மூணு தொகுதி மேஜையில வச்சா இன்னிக்கும் ஒரு பக்கமா சாஞ்சிதான் நிக்கும்.

இதுக்கு முன்னாடி இதே புத்தகங்கள் பழைய வீட்ல சுவர் அலமாரியில இருந்துச்சு, கடப்பா கல் தட்டு. கடப்பா கல் வளையாது, அந்த விஷயத்துல அத அடிச்சுக்க எதுவும் இல்ல. ஆனா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், மழைக்காலத்துல கல்லு ஜில்லுனு இருக்கும், தடவினா கையில ஈரம் ஒட்டும். நாலு தொகுதியோட கீழ் விளிம்புல இருக்கற பழுப்புக் கறை அங்க வந்ததுதான். கடப்பா தட்டு இருக்கறவங்க அது மேல ஒரு மெல்லிசான பிளைவுட் துண்டு போட்டு, சுவர்லேருந்து ரெண்டு மூணு விரல் தள்ளி அடுக்கினாலே பாதிப் பிரச்சனை தீரும்.

ஈரம், பூச்சி

சென்னையில இத வேண்டாம்னு ஒதுக்கவே முடியாது. பூஞ்சைக்கு காத்து ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து இருந்தா போதும், நம்மூர்ல ஐப்பசி கார்த்திகையில அது 80ஐத் தாண்டும். ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கி அலமாரி உள்ளயே வச்சேன். அறையில 76 காட்டறப்ப அலமாரியோட பின்பக்க மூலையில 84 காட்டுச்சு, சுவரோட ஒட்டி காத்தே போகாத இடம். அலமாரிய சுவர்லேருந்து நாலு இஞ்சு தள்ளி வச்சு, பகல்ல ஃபேன் ஓடற மாதிரி பண்ணினதும் மூலையும் அறையும் ஒரே அளவுக்கு வந்துச்சு. அறை ஈரத்த நம்மால குறைக்க முடியலேன்னாலும் காத்து நகர்ந்துட்டே இருந்தா பூஞ்சை பிடிக்கறது ரொம்பக் குறையும். கண்ணாடிக் கதவு போட்டு இறுக்க மூடி உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தப் போட்டுட்டு மறந்துடறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அந்தப் பொட்டலம் சில நாள்ல நெறைஞ்சுரும், அப்பப்ப சூடு பண்ணி உலர்த்தாட்டி பிரயோஜனமே இல்ல.

அடித்தட்டுல என் தங்கச்சியோட மெடிக்கல் புத்தகமும் சோழர் சிற்பம் பத்தின ரெண்டு பெரிய படப் புத்தகமும் இருந்துச்சு. இதெல்லாம் ஆர்ட் பேப்பர், தாள் மேல களிமண் பூச்சு இருக்கும், அதனாலதான் அதே சைஸ் சாதாரணப் புத்தகத்த விட இவ்ளோ கனம். இந்தத் தாள் நனைஞ்சு அப்படியே காஞ்சா பூச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முழுப் புத்தகமும் செங்கல் மாதிரி ஆயிரும், அப்புறம் பிரிக்கவே முடியாது. தரையத் துடைக்கற தண்ணி பட்டு ஒரு படப் புத்தகத்துல கடைசி இருபது பக்கம் அப்படிப் போயிடுச்சு. அந்தப் பக்கங்கள நினைச்சா இன்னும் மனசு ஆறல. இப்ப அடித்தட்டு தரையிலேருந்து ஆறு இஞ்சு உயரத்துல இருக்கு. ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைஞ்சிருச்சுன்னா காயறதுக்குள்ள பக்கத்துக்குப் பக்கம் தாள் சொருகணும், உடனே முடியாட்டி கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சு நேரம் வாங்கணும், வெயில்ல விரிச்சுப் போடறதுதான் பெரிய தப்பு.

பூச்சியப் பொறுத்தவரைக்கும், ஒரு வகைப் புழு அம்பு மாதிரி துளைச்சிட்டுப் போகும், சில்வர்ஃபிஷ் மேலாப்புல மேயும். எங்களோடது ரெண்டாவது வகை, பைண்டிங் துணியில இருக்கற கஞ்சியையும் பசையையும் தின்னுருக்கு, துணியோட நிறம் திட்டுத் திட்டா போயிருந்துச்சு. அம்மா இத்தன வருஷமா அந்துருண்டை போட்டுட்டு இருந்தாங்க. அது பூஞ்சைக்கு எதிரா ஒண்ணும் பண்ணாது, அந்த நெடி அப்பாவோட இளைப்புக்கு ஆகாது, அதனால நிறுத்திட்டோம். தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடிக்கு வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இடிச்சு கற்பூரத்தோட துணி மூட்டையா கட்டி வைக்கறது உண்டு, அந்த முறையில அம்மாவே சின்னச் சின்ன மூட்டை கட்டி தட்டு மூலையில வச்சிருக்காங்க. புத்தகத்து மேல நேரா படாம வைக்கணும், எண்ணெய்க் கறை ஏறும். இது பூச்சிய விரட்டும், கொல்லாது. உயிரோட பூச்சி இருந்த ரெண்டு தொகுதிய மட்டும் பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாம ஒட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வச்சோம், எடுத்ததும் கவரப் பிரிக்காம ஒரு முழு நாள் வெளியில விட்டோம், இல்லேன்னா வேர்க்கற தண்ணி தாள்ல இறங்கிரும்.

பைண்டர்கிட்ட போனது

இந்த இடத்துலதான் பெரிய தப்பு நடக்க இருந்துச்சு. நான் முதல்ல போன கடையில, கலைக்களஞ்சியம் பத்தையும் குடுங்க, பிரிச்சு பஞ்ச் போட்டு தச்சு, மூணு பக்கமும் ஓரம் வெட்டி, புது ரெக்சின் போட்டு ஒரே மாதிரி பண்ணித் தரோம்னாங்க. கேக்க நல்லா இருக்கும். ஆனா ஓரம் வெட்டினா அப்பாவோட குறிப்பு போயிடும். பஞ்ச் போட்டு பக்கவாட்டுல தச்சா புத்தகம் அப்புறம் முழுசா விரியாது, விரிய மாட்டேங்குதுனு அமுக்கினா பழைய தாள் தையல் ஓரத்துல ஒடியும். இந்தத் தொகுதிகள் பாரம் பாரமா, அதாவது மடிச்ச தாள் சின்னச் சின்ன தொகுப்பா, மடிப்புல நூல் தையல் போட்டது, அந்தத் தையல் எல்லாத்துலயும் இன்னும் உறுதியா இருந்துச்சு. பிரிஞ்சது அட்டைக்கும் கட்டுக்கும் இடையில இருக்கற இணைப்பு மட்டுந்தான்.

திருவல்லிக்கேணியில வயசான ஒரு பைண்டர் பாய்கிட்ட அப்பாவும் கூட வந்து காட்டினோம். அவர் தாள் கட்ட கையில வச்சு விரிச்சு, மடிப்புத் தையல ஒவ்வொரு பாரமா பாத்துட்டு, "தம்பி, இதுக்கு உசுரு நல்லாருக்கு, சட்டைதான் கிழிஞ்சிருக்கு, இதப் பிரிக்கக்கூடாது"னார். அப்பா அன்னிக்குத்தான் ரெண்டு வாரம் கழிச்சு சிரிச்சார். பாய் பண்ணினது இவ்ளோதான்: பழைய முதுக மெதுவா எடுத்து, புதுத் துணி ஒட்டி ரெண்டு அட்டைக்குள்ளயும் ஏத்தி, அதே முதுகுத் துணிய மேல திரும்ப வச்சார். பசை மைதாப் பசைதான், மயில்துத்தம் போடாம காய்ச்சிக் குடுங்கனு கேட்டுக்கிட்டோம், பூச்சிக்குனு போடற அந்தச் செம்பு உப்பு நாளாக நாளாக தாளையே அரிக்கும். ஃபெவிகால் வேண்டாம்னும் சொன்னோம், காஞ்சா திரும்ப எடுக்க வராது, மைதாப் பசைனா நாளைக்கு இன்னொருத்தர் ஈரம் வச்சு பிரிச்சுக்கலாம். செல்லோடேப்பப் பத்தி சொல்லவே வேண்டாம், லெக்சிகன் ஒண்ணுல நான் ஸ்கூல் படிக்கறப்ப ஒட்டின டேப் பிளாஸ்டிக் உதிர்ந்து போய் பசை மட்டும் மஞ்சளா தாளுக்குள்ள இறங்கியிருக்கு, பாய் பாத்துட்டு இது இனிமே வராதுனுட்டார்.

ஒம்பதுல ஆற இப்படி சரி பண்ணினோம். மிச்சம் மூணுக்கு அட்டை முழுசா கழண்டுருச்சு, அவசரப்படாம பருத்தி நாடாவால குறுக்கும் நெடுக்கும் கட்டி முடிச்ச வெளி ஓரப் பக்கம் போட்டு வச்சிருக்கோம். முடிச்சு முன்பக்கமோ முதுகுலயோ வந்தா அடுத்த புத்தகத்துல தடம் விழும். ரப்பர் பேண்ட் கூடாது, உருகி ஒட்டிக்கும். நியூஸ்பேப்பர் அட்டையும் எல்லாத்துலேருந்தும் கழட்டிட்டோம், அந்தத் தாள்ல இருக்கற அமிலம் உள்ள இருக்கற புத்தகத்தையும் பழுப்பாக்கும்.

இப்ப எப்படி இருக்கு

கலைக்களஞ்சியம் முழுக்க இப்ப படுக்க வச்சிருக்கோம், ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு, அதிகபட்சம் மூணு. அதுக்கு மேல போனா அடியில இருக்கறத எடுக்கறப்ப மத்தது சரியும், எடுக்க சோம்பேறித்தனம் வரும், அப்புறம் யாரும் எடுக்கவே மாட்டாங்க. இடம் அதிகம் பிடிக்குதுங்கறது உண்மைதான், அதுக்காக ரெண்டு தட்டு காலி பண்ணினோம், கதைப் புத்தகம் பாதி பரணுக்கு வேண்டாம்னு தெருவுல இருக்கற நூலகத்துக்குக் குடுத்துட்டோம். தட்டு உயரம் பத்தாதவங்க சில பேர் புத்தகத்த முதுகு மேல பாக்கற மாதிரி, அதாவது திறக்கற ஓரம் கீழ வர மாதிரி வைப்பாங்க, அத மட்டும் பண்ணாதீங்க, முழுக் கட்டும் முதுகுலேருந்து பிடுங்கிட்டு கீழ தொங்கும். வேற வழியே இல்லாட்டி முதுகு கீழ இருக்கட்டும். லெக்சிகன் மட்டும் இன்னும் நின்னுட்டுதான் இருக்கு, அப்பா அத தினமும் எடுக்கறார், படுக்க வச்சா அவரால மேல இருக்கறத நகர்த்த முடியல. அதுக்கு ஒவ்வொரு தொகுதியிலயும் தாள் கட்டுக்கு அடியில, ரெண்டு அட்டைக்கும் நடுவுல பொருந்தற மாதிரி மூணு மில்லிமீட்டர் அட்டைத் துண்டு வெட்டி வச்சிருக்கேன், தொங்காம கட்டு அது மேல உக்காந்துக்கும்.

ரெண்டு வருஷம் முழுசா ஆன பிறகு திரும்ப எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். ஒரு தொகுதியத் தவிர எதுலயும் புதுக் கிழிசல் இல்ல. அந்த ஒண்ணு நாலாம் தொகுதி, மேஜையில அட்டைய 180 டிகிரி விரிச்சு வச்சு படிச்சதுல பாய் போட்ட துணி மேல் ஓரத்துல விட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் பாட்டி ராமாயணப் பாராயணத்துக்கு வச்சிருந்த மடக்குப் பலகை ஞாபகம் வந்து பரண்லேருந்து இறக்கினோம், ரெண்டு அட்டையும் சாய்வா பலகை மேல உக்காரும், நடுவுல முதுகுக்கு பாரமே இல்ல. அப்பா இப்ப எல்லாத்தையும் அதுல வச்சுத்தான் படிக்கறார். நாலாம் தொகுதி பாய்கிட்ட போகணும், மழை முடியட்டும்னு நாடா கட்டி மேல் தட்டுல வச்சிருக்கு.